ஏன் போனே?

தங்கை மகள் தோழிகள் இருவரோடு தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போகிறாள் என்ற செய்தி குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் பயண நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாது. கழுத்துச் செயினைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. ஆட்டோவில் ஏறாதே. அங்கே ஆட்டோ கிடையாது, டுக்-டுக் என்று ஒன்றுதான் உண்டு என்று அவள் பதில் போட்டதும், "அதுலயும் ஏறாதே" என்று அடுத்த உத்தரவு வந்தது. சித்தப்பா ஒருவர், ஆண் துணை இல்லாமல் எப்படி என்று கேட்டு, தன் மகனையே சிபாரிசும் செய்தார். பையனுக்குப் பத்தொன்பது வயது. சென்னைக்குள்ளேயே கூகுள் மேப் இல்லாமல் வீடு வந்து சேரமாட்டான்.

சென்னையிலிருந்து பாங்காக் விமானத்தில் மூன்றரை மணி நேரம். ரயிலில் மதுரைக்குப் போக அதைவிட அதிகமாகும். 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்கள் விசா இல்லாமலே வரலாம் என்று அறிவித்ததிலிருந்து, முதல் வேலை, முதல் சம்பளம் என்றிருக்கும் பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பட்டும். எனக்கு அதில் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அறிவுரைகளில் தப்பில்லை. ஆனால் அத்தனையும் ஒரே ஓர் ஆபத்தை மனதில் வைத்துச் சொன்னவை: முகம் தெரியாத ஓர் ஆண், இருட்டு, ஆளில்லாத தெரு. அது நடக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குழுவில் ஒருவர்கூட ஸ்கூட்டரைப் பற்றிப் பேசவில்லை. தாய்லாந்தில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் போனவர்கள். கடற்கரைத் தெருக்களில் கடைக்குக் கடை வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள்; பணத்தைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சாவி கைக்கு வந்துவிடும். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை தினமும் ஆக்டிவா ஓட்டுகிறவளுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது. அங்கேயும் நம் ஊர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது அசட்டுத் தைரியத்தை இன்னும் கொஞ்சம் கூட்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது இல்லாமல், தலைக்கவசமும் இல்லாமல் கீழே விழுந்தால், பயணக் காப்பீட்டுக்காரர்கள் அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.

வண்டிக்கு ஈடாகக் கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டுக்கொள்வதும் உண்டு. திருப்பிக் கொடுக்கும் நாளில் அவர் குனிந்து, முன்சக்கரத்துக்கு மேலே பிளாஸ்டிக் விளிம்பை விரலால் தடவி, ஒரு கீறலைக் காட்டுவார். அது ஆறு மாதமாக அங்கே இருந்த கீறலாக இருக்கலாம். சில ஆயிரம் பாத் கேட்பார். விமானம் அன்று ராத்திரி, பாஸ்போர்ட்டோ டிராயருக்குள். இந்தப் பேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியை எடுக்கும்போதே சுற்றிலும் வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டின் நகலும் ரொக்க முன்பணமும் போதும் என்கிற கடையாகப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் தன் கையில் இருக்கிறவள் எங்கிருந்தும் எழுந்து போகலாம்.

கடல் இன்னொன்று. மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால், பத்துப் பேர் குளித்துக்கொண்டிருந்தாலும் இறங்கக் கூடாது. உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து நேராக நீந்தாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். மெரினாவில் முட்டிவரை நனைத்துத் திரும்பியே பழகிய நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

அடுத்தது எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத விஷயம். லாவோஸில் வாங் வியெங் என்று ஆற்றோரத்தில் ஒரு சிற்றூர். முதுகுப் பையோடு திரியும் இளைஞர்கள் கூடுகிற இடம். 2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் பெண்கள். அவர்களில் ஆஸ்திரேலியத் தோழிகள் இருவருக்கும் வயது பத்தொன்பதுதான். அதே ஆண்டு ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது அதே மெத்தனால். பாக்கெட்டில் விற்றாலும் பளபளக்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றினாலும் உடம்புக்குள் அது செய்கிற வேலை ஒன்றுதான். ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். நிறத்திலும் மணத்திலும் வித்தியாசம் தெரியாது. பார்வை மங்கலும் மூச்சு வாங்கலும் தெரியப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் டயாலிசிஸும் மாற்று மருந்தும் கிடைக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழியுண்டு.

"எங்க பொண்ணு அதெல்லாம் தொடமாட்டா" என்பதோடு நம் வீடுகளில் இந்தப் பேச்சு முடிந்துபோகிறது. தொடாதவளாகவே இருக்கட்டும். கூடப் போகிற தோழி தொடலாம். பழரசத்தில் கலந்தும் வரலாம். மறுநாள் காலை கண் மங்குகிறபோது அவள் என்ன செய்வாள்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலைவலி என்று தோழிகளிடம் சொல்லிவிட்டுப் படுத்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் வரும். பில் வந்தால் வீட்டுக்குத் தெரியும். தெரிந்தால் முதல் கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். விஷத்துக்கு மருந்து இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்து போகிற நேரத்துக்குத்தான் மருந்து இல்லை.

அந்தக் கேள்வியை உலகமே கேட்டதுண்டு. 2016-இல் ஈக்வடார் நாட்டின் மொன்தஞித்தா என்ற கடற்கரை ஊரில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் கொலை செய்யப்பட்டார்கள். கொன்றவர்கள் ஏன் கொன்றார்கள் என்பதைவிட, இவர்கள் ஏன் தனியாகப் போனார்கள் என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. போனது இரண்டு பேர். பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தாலும் அது துணைக் கணக்கில் சேராது போலிருக்கிறது. சித்தப்பாவின் கணக்கும் அதுதான்: மூன்று பெண்கள் சேர்ந்து போனாலும் தனி, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சேர்ந்துகொண்டால் துணை. கோபத்தில் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தாங்கள் தனியாகப் பயணம் போவதைச் சமூக வலைத்தளங்களில் எழுதித் தள்ளினார்கள். வெளியே போனால்தான் ஆபத்து, வீடு பத்திரம் என்கிற நம்பிக்கைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. 2023-இல் உலகம் முழுவதும் நாளொன்றுக்குச் சராசரியாக 140 பெண்களும் சிறுமிகளும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார் கையால் கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை.

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் காலைச் சிற்றுண்டி நேரம். பக்கத்து மேஜையில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி நாசி லெமாக் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்த நடுவயதுக்காரர் தமிழில் பேச ஆரம்பித்தார். எந்த ஊர், எத்தனை நாள், யாரோடு வந்திருக்கிறாய், எந்த மாடி, கடலைப் பார்த்த அறையா என்று வரிசையாகக் கேட்டார். (கோலாலம்பூரில் கடல் கிடையாது.) அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். முகத்தில் விருப்பம் இல்லை; கரண்டியால் வேர்க்கடலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். அவர் நல்லவராகவே இருக்கலாம். என் கவலை அவரைப் பற்றியது இல்லை. பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேசக் கூடாது, எழுந்து போனால் திமிர் என்று இருபது வருஷம் நாம் ஊட்டி வளர்த்தது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிப் பழக்காத பெண்ணை விமானம் ஏற்றிவிட்டு, அங்கே போய் எல்லோரிடமும் வேண்டாம் என்று சொல் என்கிறோம்.

தங்கை மகளிடம், பொய் சொல்லக் கற்றுக்கொள் என்றேன். நாளைக்கு அப்பா வருகிறார், அறை எண் ஞாபகமில்லை, கீழே நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சிரித்தாள். அவர்கள் மூவரும் அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று வைத்திருந்தார்கள். எந்த இடத்திலும் ஒருத்தி "கிளம்பலாம்" என்றால் மற்ற இருவரும் உடனே எழுந்துவிட வேண்டும். காரணம் கேட்பது அறைக்கு வந்த பிறகுதான். பாதிச் சாப்பாடாக இருந்தாலும் சரி, படகுக்குப் பணம் கட்டியிருந்தாலும் சரி. சுற்றுலாப் போலீஸ் எண் 1155 மூவர் போனிலும் இருந்தது. ரொக்கத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

என்னோடு வேலை பார்த்தவரின் மகள் கதை வேறு. பாங்காக்கில் பை தொலைந்தது. போன், கார்டு எல்லாம் அதற்குள். விடுதி வரவேற்பறையில் போன் இருந்தது, அம்மாவின் எண் மனப்பாடம். அவள் கூப்பிடவில்லை. முந்தின நாள் அறிமுகமான ஓர் ஆளிடம் கடன் வாங்கிச் சமாளித்தாள். தங்கமான மனிதர், ஒன்றும் நடக்கவில்லை, ஊருக்கு வந்து பணத்தையும் அனுப்பிவிட்டாள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது அவள் கல்யாணத்துக்குப் பிறகு. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா இனிமே எங்கயும் விடமாட்டீங்க" என்றாளாம். பெற்ற தாயைவிட ஒரு நாள் பழகியவர் கேட்பதற்குச் சுலபமானவராக இருந்திருக்கிறார். நான் பயப்படுவது இதற்குத்தான். லைவ் லொக்கேஷன் போட்டுப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்க்கு, மகள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரியும். அந்தத் தெருவில் அழுதுகொண்டு நிற்கிறாளா என்று புள்ளி சொல்லாது. அவளாகச் சொன்னால்தான் உண்டு.

அதனால் பெண்ணை விட்டுவிட்டுத் தங்கையைப் பிடித்தேன். உன் பெண் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், என்ன குரலில் பேசினாலும், நீ கேட்க வேண்டியது மூன்றுதான்: எங்கே இருக்கே, பக்கத்துல யாரு, கையில காசு இருக்கா. 'நான் அப்பவே சொன்னேனே' கூடாது. 'ஏன் போனே' கூடவே கூடாது. இதை அவள் கிளம்புவதற்கு முன்னாலேயே அவள் காதில் விழும்படி நீ சொல்ல வேண்டும்.

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப நான் திட்டவே கூடாதாக்கா?"

"தாராளமா திட்டு. ஊருக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு முடிச்ச பிறகு."

"சாப்பிட்ட உடனேயா?"

"தூங்கி எழுந்திரிக்கட்டுமே."

"அதுக்குள்ள எனக்குக் கோபம் போயிடுமே" என்றாள்.