இன்னும் ஒரு திருகு

மாட்டு வண்டியின் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது கடையாணி. சைக்கிள் சக்கரத்தைக் காப்பது நட்டு. இரண்டும் செய்வது ஒரே வேலைதான். ஆனாலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கடையாணி ஒன்று இருக்கும், அல்லது இராது. பாதிக் கடையாணி என்று எதுவும் கிடையாது. நட்டு அப்படியல்ல. அதைக் கால் திருகு திருகலாம், அரைத் திருகு திருகலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு திருகும் திருகலாம். நம் கடமைகளிலும் சில கடையாணி இனத்தைச் சேர்ந்தவை. பொய்க் கையெழுத்துப் போடாதே, பிறர் பணத்தைத் தொடாதே என்பவை அவை. அவற்றில் யோசிக்க ஒன்றும் இல்லை. மனிதனைத் திண்டாட வைப்பவை நட்டு இனத்துக் கடமைகள்தாம். எவ்வளவு கண்டிப்பு, எவ்வளவு ஜாக்கிரதை, எந்த இடத்தில் 'போதும்' என்று கையை எடுப்பது?

இந்த யோசனை எனக்கு வந்த இடம் திருவேட்டக்குடி. காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் இருக்கிற கடலோர ஊர். சிவபெருமான் வேடனாக வந்த கதையைச் சொல்லும் கோயில் அங்கே உண்டு. சம்பந்தர் பாடிய தலம். 2010-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இன்று அந்த ஊரில்தான் இருக்கிறது. கோயிலுக்கும் கல்லூரிக்கும் பொதுவாக ஒன்று உண்டென்றால் அது உப்புக் காற்று. அந்தக் காற்றில் இரும்புக்கு நிம்மதி கிடையாது. நட்டும் அச்சும் துருப்பிடித்து, பிரிக்க முடியாத சிநேகிதர்களாகிவிடும்.

அங்கே ஒரு சைக்கிள் பட்டறையில் பின்சக்கரம் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்சக்கரம் சாது; வழக்கெல்லாம் பின்சக்கரத்தோடுதான். செயின், மட்கார்டுக் கம்பி, கேரியரின் கால், ஸ்டாண்டு எல்லாம் கூட்டுக் குடும்பம் மாதிரி அந்த ஓர் அச்சை நம்பியே பிழைக்கின்றன. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். முதலில் அச்சின் மரையைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் கிரீஸ் தடவினார். செயினைப் பல்லில் ஏற்றிச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தார். செயினை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். விறைக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. செயின் பக்கத்து நட்டைச் சும்மா பிடிப்புக்குத் திருகிவிட்டு, டயர் இரண்டு குழாய்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு இடது நட்டு. மறுபடி வலது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் கோணிக்கொள்ளும். கடைசியில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார்.

சைக்கிளுக்கு உரியவன் இளைஞன், மீன் வியாபாரி.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கண்ணே. பெட்டி ஏத்தணும்."

"போதும் தம்பி. இதுக்கு மேல இறுக்கினா நாளைக்குப் பஞ்சர் ஒட்டறவன் என்னைத் திட்டுவான்."

"யாரு அவன்?"

"எனக்கென்ன தெரியும்? நீ எங்கே பஞ்சராகி நிக்கிறியோ, அங்கே இருக்கிறவன்."

அவர் காலடியில் ஒரு முழ நீள இரும்புக் குழாய் கிடந்தது. துருவேறிய நட்டைக் கழற்ற, ஸ்பானரின் வாலில் அதைச் செருகி இழுப்பார்களாம். கழற்றத்தான் அது, இறுக்குவதற்கு அவர் அதைத் தொடவில்லை.

தளர்ச்சியை நான் லேசாகச் சொல்லவில்லை. வலது நட்டு தளர்ந்திருந்தால், மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் செயின் வழியாக அச்சின் வலது முனையை முன்னுக்கு இழுக்கும். சக்கரம் கோணி, டயர் இடப்பக்கத்துக் குழாயில் உரசும். செயின் தொய்ந்து பல்லைவிட்டு நழுவினால், எழுந்து நின்று மிதிக்கிறவன் சாலையில் விழுவான். பின்னால் ஒரு லாரி வந்தால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு திருகு திருகத் தோன்றுவது இயற்கைதான்.

அந்த இன்னொரு திருகுக்கு நாம் உடனே நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடுகிறோம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அளவு கடந்து இறுக்கினால் மரை பிய்ந்துபோகும். புத்தி பேதலித்தவனை 'மரை கழன்றவன்' என்கிறோம். தளர்ச்சியால்தான் மரை கெடும் என்று நமக்கு அவ்வளவு நம்பிக்கை! மரை பிழைத்தாலும் வேறொரு துன்பம் இருக்கிறது. இருட்டில் நடுவழியில் டயர் இறங்கிவிட, கையில் இருக்கிற ஸ்பானருக்கு நட்டு அசையாவிட்டால், மீன் பெட்டியோடு நிற்கிறவன் என்ன செய்வான்? பட்டறையில் காட்டிய ஜாக்கிரதை அங்கே அவனுக்கு விலங்காகிவிடுகிறது.

இறுக்கியவருக்கோ ஒரு லாபம் உண்டு. சக்கரம் கழன்றது என்று யாரும் அவரைக் கேட்க முடியாது. ஐந்து சான்றிதழ்கள் போதும் என்று தெரிந்தும் ஆறாவதையும் கொண்டுவரச் சொல்லும் குமாஸ்தாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சர்க்காரின் நன்மைக்காகவா கேட்கிறார்? நாளை ஒரு கேள்வி வந்தால் தம்மேல் பழி விழக்கூடாது என்றுதான். வயசு வந்த பெண்ணைச் சிநேகிதி வீட்டுக்குக்கூட அனுப்பாத தகப்பனாரிடமும் பாதி அன்பு, பாதி இந்தப் பயம். பயம் அன்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது அடையாளம் காண்பது கஷ்டம்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இந்த அளவு எண்ணாகவே கிடைக்கும். இத்தகைய பின்னச்சு நட்டுக்குச் சுமார் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்பார்கள். சாண் நீள ஸ்பானரின் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம். முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரும் உண்டு. ஆனால் துருப்பிடித்த மரையில் அந்த எண் ஏமாற்றிவிடும். பலத்தில் பெரும்பங்கு துருவோடு உரசுவதிலேயே போய்விடும். கிரீஸ் தடவிய விரலுக்கு அது தெரிந்திருக்கிறது.

நற்குணம் மிகைக்கும் குறைக்கும் நடுவே இருப்பது என்றார் 2,300 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த அரிஸ்டாட்டில். அந்த நடு எல்லாருக்கும் ஒன்றல்ல. மைலோ என்ற மல்லனுக்குப் பற்றாத சாப்பாடு, பயிற்சிக்குப் புதிதாக வந்தவனுக்கு மிகையாகிவிடும் என்றும் சொன்னார். சரிதான். ஆனால் பட்டறைக்காரரின் 'போதும்' இரண்டு பேரைப் பொறுத்தது. ஒருவன் எதிரே நின்று இன்னும் இறுக்கச் சொல்கிறான். மற்றவன் இன்னும் வரவே இல்லை; அவனுக்காகப் பேச அங்கே யாருமில்லை.

அந்த 'போதும்' முடிந்த முடிவும் அல்ல. புதிதாக இறுக்கிய வாஷரும் கம்பிகளும் ஓட ஓட அழுந்தும். பிடிப்பு சற்றுக் குறையும். அதற்கு ஈடாக இப்போதே ஒரு திருகு கூட்டி வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

"ரெண்டு நாள் ஓட்டிட்டு இந்தப் பக்கம் வா, ஒரு தடவை பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார்.