காலி இடம்

எங்கள் கோயிலுக்குப் பின்னால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு புல் திடல் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை ஆள் வந்து மெஷினில் புல் வெட்டுகிறார். அந்தச் செலவை நிறுத்திவிட்டு அங்கே நந்தவனம் போட்டால் என்ன என்று கமிட்டியில் பேச்சு வந்தது. "தம்பி, நீ இன்ஜினியரிங் படிக்கிறியே, ஒரு பிளான் போட்டுக் கொடேன்" என்றார் தலைவர். செமஸ்டர் விடுமுறைதானே, சரி என்றேன்.

எனக்கு ரொம்பவே உற்சாகம். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் பின்புறப் புல்வெளியைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். 1772 முதல் கம்பளம் மாதிரி வெட்டிப் பராமரித்த புல். 2019-இல் அதன் ஒரு பகுதியில் காட்டுப்பூ விதைகளைத் தூவினார்கள். 2023-இல் வெளிவந்த ஆய்வில், செடி, சிலந்தி, பூச்சி என்று பார்த்தால், பக்கத்தில் மிச்சமிருந்த புல்லைவிட அங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு வகைகள் இருந்தன. வௌவால்கூட அதிகமாக வந்ததாம்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே வருடம் ஒரு முறை வெட்டி, காய்ந்த புல்லை அள்ளிவிட்டால் போதும். நம் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு வருடம் சும்மா விட்டால் பூவா வரும்? லாலாங்தான் இடுப்பு உயரம் நிற்கும். அதனால் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, துளசி, வேலியோரம் மல்லிகை என்று வரிசை வரிசையாகப் போட்டேன். அரளி மட்டும் வேண்டாம் என்றேன். விஷம், சின்னப் பிள்ளைகள் வரும் இடம்.

டேப் பிடித்து அளக்கப் போன சனிக்கிழமை மாலை, திடலில் பசங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோல் போஸ்ட்டுக்குப் பதில் நான்கு செருப்பு. என்ன அளக்கிறேன் என்று கேட்டார்கள், சொன்னேன். பத்து வயது இருக்கும், ஒருவன் கேட்டான்: "அப்ப நாங்க எங்கண்ணா விளையாடுறது?"

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். அந்த இடத்தில் நானே 'காலி இடம்' என்று எழுதியிருந்தேன். தினமும் பதினைந்து பேர் ஓடுகிற இடம் அது. கட்டடமும் மரமும் இல்லாததால் எனக்குக் காலியாகத் தெரிந்திருக்கிறது.

கமிட்டியில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "சாமிக்குத்தானப்பா செய்யிறோம்" என்றார். அந்த வார்த்தைக்கு மேல் யாராலும் பேச முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சமய வகுப்பில் கேட்ட ஒரு கதை ஞாபகம் வந்தது. திருவாரூர்க் கோயிலில் கீழே கிடந்த பூவை எடுத்து முகர்ந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்தார். அவள் கணவர் கழற்சிங்க நாயனாரோ, எடுத்த கையைத்தான் முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்று கையையும் வெட்டினார். பக்தியின் உறுதியைக் காட்டும் கதை என்று டீச்சர் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசிக்கு எப்படி வலித்திருக்கும் என்று சின்ன வயதில் தோன்றியது, இன்னும் போகவில்லை.

அதே பெரிய புராணத்தில்தான் அப்பர் சுவாமிகளும் இருக்கிறார். கையில் உழவாரப் படை. கோயில் கோயிலாகப் போய்ப் புல்லையும் முள்ளையும் செதுக்கினார். அவரும் சாமிக்குத்தான் செய்தார். ஆனால் முள்ளை எடுத்தால் அங்கே நடக்கிற அடியார்களின் காலுக்கும் நல்லது. என் பிளானில் யாருடைய கால் இருந்தது?

பசங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பழகட்டுமே என்று என் அம்மா சொன்னார். நியாயம்தான். ஆனால் விட்டுக்கொடுக்க, பொருள் முதலில் நம் கையில் இருக்க வேண்டும். நான் என் விடுமுறையைக் கொடுத்தால் அது காணிக்கை. பசங்களின் திடலை அவர்களைக் கேட்காமலேயே எடுத்துச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, அதை நம் காணிக்கை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெரியவர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பசங்க நாலு வருசத்துல வளர்ந்து போயிடுவாங்க. செடி நிக்கும்." போகிறவர்கள்தான், நானே அப்படிப் போனவன். எனக்கு அப்போது பதில் வரவில்லை. அடுத்த நாலு வருடத்துக்கு வேறு பசங்கள் வருவார்களே என்று பிறகு நினைத்துக்கொண்டேன். வருவார்களா, போனோடு உட்கார்ந்துவிடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

இப்போது இரண்டாவது பிளான் போட்டிருக்கிறேன். மூன்று பக்கமும் வேலியோரம் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பூச்செடி, நடுவில் புல் அப்படியே. புல் வெட்டும் செலவு பெரிதாகக் குறையாது, அதனால் பொருளாளருக்குப் பிடிக்கவில்லை. பந்து தினமும் செம்பருத்தியில் போய் விழும், அதுவும் தெரியும். வரும் ஞாயிறு கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். பசங்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். தலைவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சட்டை மாத்திட்டு வரச் சொல்லு" என்றார்.