டி.பி. ஆக்ட்டைக் கண்டு மிரளாதே!

தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பூம்பாறையிலும் பிறந்து, சட்டம் படித்து முடித்துவிட்டு, அகில இந்திய வழக்குரைஞர் தேர்வு என்றதும் பின்வாங்கும் தம்பியே, தங்கையே! கிரிமினல் சட்டம் ஓடுகிறது, சொத்துச் சட்டம்தான் தலையில் ஏறவில்லை என்கிறாயா? நான் நம்பமாட்டேன். பள்ளிக்கூடம் போகும் முன்பே அதைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ!

வாழைத் தோட்டத்தை ஒத்திக்கு விட்ட பேச்சு உங்கள் வீட்டில் நடந்ததில்லையா? டி.பி. ஆக்ட் எனப்படும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அது 58-ஆம் பிரிவு. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டது 105. பேத்திக்குத் தானமாக எழுதிவைத்தது 122. பங்காளி வழக்கு கோர்ட்டில் இருக்கும்போதே ஒருவர் நிலத்தை விற்றாரா? 52. அக்ரிமெண்ட் போட்டதுமே நிலம் தனக்குச் சொந்தம் என்று ஒருவர் வேலி போட்டாரா? வெறும் ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையும் தராது என்கிறது 54. எண்களை உருப்போடாதே, ஒவ்வோர் எண்ணுக்கும் உன் ஊரில் ஓர் ஆளை உட்காரவை!

தேர்வில் 100 கேள்விகள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இதற்கா நடுங்குகிறாய்? ஆனால் 45-ஓடு நின்றுவிடாதே. அது சான்றிதழுக்குப் போதும், கட்சிக்காரருக்குப் போதாது!

சட்டம் என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானலே பார்த்திருக்கிறது. விதியை மீறி ஏழு மாடிக்கு எழும்பிய ப்ளஸண்ட் ஸ்டே ஹோட்டலுக்கு 1994-இல் அரசே விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றப் படியேறியது. மறு ஆண்டே அந்த அரசாணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சொந்த இடம், கையில் பணம், அரசின் கையெழுத்து மூன்றும் இருந்தும், சட்டத்தின் முன் அவை நிற்கவில்லை.

இந்த மலைக்கு இன்னும் வக்கீல்கள் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பளியர் பழங்குடிக் குடும்பம் பெறும் நிலம் வாரிசுக்குப் போகும், விலைக்குப் போகாது. முன்பணத்தை நீட்டிக்கொண்டு குடிசை வாசலுக்கு வருகிறவனிடம் அதைச் சட்டம் காட்டிச் சொல்ல, அந்த மண்ணை அறிந்த ஒரு குரல் வேண்டாமா? அந்தக் குரல் உன்னுடையதாக இருக்கட்டும். 'சொத்து மாற்றம்' எது என்று சொல்வது 5-ஆம் பிரிவு. இன்று ராத்திரியே அதில் தொடங்கு!