மகஜரில் யார் பெயர்?

முப்பத்து மூன்று வருடங்கள் மத்தியக் கலால் துறையில் வேலை பார்த்தேன். 1984இல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, ஜிஎஸ்டி வந்த 2017இல் ஓய்வுபெற்றேன். உறவினர்கள் இன்றும் என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்கள்: "கை சுத்தமான பொம்பளை." உண்மைதான். பெட்டிக்கடை டீயைக்கூடக் காசு கொடுத்துத்தான் குடித்தேன். ஆனால் கை சுத்தமாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றா? இந்தக் கேள்வி ஒரு பீடிக்கட்டின் மூலம் எனக்கு வந்தது. வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் போகவில்லை.

இன்றைக்கு மத்தியக் கலால் என்ற பெயரில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய இரண்டே பொருள்கள்: எரிபொருளும் புகையிலையும். மற்றதெல்லாம் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. இந்த இரண்டையும் அரசு விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் எளியது. மக்களால் விட முடியாததன் மேல் போடும் வரி தவறாமல் வரும். புகையிலைக்குக் கலால் வரி போட 1943இலேயே வெள்ளைக்காரன் சட்டம் கொண்டுவந்தான். போனவன் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தில்தான் நாங்கள் தொடர்ந்து எழுதினோம்.

எங்கள் வேலையே எண்ணுவதுதான். சிகரெட்டை நீளத்தைப் பார்த்து வகை பிரித்து ஆயிரம் ஆயிரமாக எண்ணுவோம். சிகரெட் ஆலையிலிருந்து ஒரு பெட்டி வெளியே போக வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து வேண்டும். பீடியும் ஆயிரக் கணக்கு. பெட்ரோல், டீசல் என்றால் லிட்டர். எண்ணுவதில் நான் கெட்டிக்காரி. எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்று யோசிக்கும் பழக்கம் மட்டும் அப்போது இல்லை.

1991. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அந்த வட்டாரத்தில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்போது நான் ஒருத்திதான் பெண் இன்ஸ்பெக்டர். பெண்கள் இருக்கும் வீட்டைச் சோதனை போட வேண்டுமென்றால் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள். வழக்கின் விவரம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவர்கள் நினைத்ததில்லை. நான் வாசலில் நின்றால் உள்ளே போகலாம். அவ்வளவுதான் என் பயன்.

தகவல் இதுதான். ஒரு கம்பெனியின் ஒப்பந்தக்காரர் சுற்றிய பீடியைக் கம்பெனிக்குக் கொண்டுபோகாமல் வீடுகளில் வைத்தே லேபிள் ஒட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார். கம்பெனிக் கணக்கில் ஏறாத பீடிக்கு வரி கிடையாது. நாங்கள் போன வீட்டின் நடு அறையில் 1,600 கட்டுகள் இருந்தன. கட்டுக்கு 25 வீதம் 40,000 பீடி. பக்கத்தில் லேபிள் தாள்கள், பசை, ஈரச் சாக்கில் சுற்றிய இலை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் ஒருத்தியால் ஆயிரம் பீடி சுற்ற முடியும். அங்கே குவிந்து கிடந்தது ஒரு பெண்ணின் நாற்பது நாள் உழைப்பு. நான் அன்று அப்படிக் கணக்குப் போடவில்லை. வரி எவ்வளவு என்றுதான் போட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மடியிலிருந்த சுளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. கணவர் பம்பாயில் ஒரு கடையில் வேலை. நான் மகஜர் எழுத உட்கார்ந்தேன். என்ன கைப்பற்றினோம், எங்கே, யார் முன்னிலையில் என்று எழுதும் ஆவணம் அது. சாட்சிக்குத் தெருவிலிருந்து இரண்டு ஆண்களை அழைத்து வந்திருந்தார்கள்.

"நீ என்ன வேலை பார்க்கிறே?"

"சும்மாதாம்மா இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எம்பேரப் போட்டுறாதீங்கம்மா. அவுக பம்பாயில இருக்காக. தெரிஞ்சா கோவப்படுவாக. கோர்ட்டு கேஸுன்னு எனக்கு அலைய முடியாது" என்றாள்.

எனக்கு இரக்கம் வந்தது. வீட்டின் உரிமையாளர் என்று கணவர் பெயரை எழுதினேன். சோதனையின்போது இருந்தவர் என்ற இடத்தில் 'அவரது மனைவி'. தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ்வைஃப்'. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவளை ஒரு வழக்கிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு ஜீப்பில் ஏறினேன்.

வழக்கு நிற்கவில்லை. லேபிள் போலி, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. அந்த வீட்டில் சுற்றிய பீடி யாருக்காகச் சுற்றியது என்று சொல்ல எங்களிடம் ஒருவரும் இல்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளை நானே 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதி வெளியே அனுப்பியிருந்தேன். சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் அவளிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கலாம். இலை யார் தருவது, தூள் யார் தருவது, கூலி யார் கொடுப்பது என்று மூன்று கேள்விகள் போதும். கேட்கவில்லை. வரி ஏய்ப்பை நிரூபிக்கும் அறிவு அவளிடம் இருக்கும் என்று, பெண்ணான எனக்கே தோன்றவில்லை.

ஏழு வருடம் கழித்து, 1998இல், அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே பாவாடை தாவணியில் மகள். ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டார். அவளுக்குச் சேர வேண்டிய பிஎஃப் பணத்துக்கு ஆதாரம் இல்லை. அவள் சுற்றியது வேறொருத்தியின் பெயரில் இருந்த பாஸ் புத்தகத்தில் ஏறியிருந்தது. ஒரு புத்தகத்துக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் சுற்றுவது அந்தப் பக்கம் சாதாரணம். இந்தக் கம்பெனிக்குத்தான் பீடி சுற்றினாய் என்பதற்கு ஏதாவது அரசாங்கக் காகிதம் இருக்கிறதா என்று சங்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு நினைவு வந்த ஒரே காகிதம் எங்கள் மகஜர்.

இது எனக்கு விளங்கச் சற்று நேரமானது. தன் வீட்டுப் பொருளை அரசாங்கம் பறித்துக்கொண்டு போன காகிதத்தைத் தன் உழைப்புக்குச் சாட்சியாகக் கேட்டு வந்திருக்கிறாள். பழைய கோப்புகளில் தேடி எடுத்துப் படித்தேன். அதில் லேபிள் இருந்தது, 40,000 பீடி இருந்தது, பம்பாயிலிருந்த கணவர் இருந்தார். அவள் இல்லை. அவள் கையெழுத்து மட்டும் இருந்தது, சும்மா இருந்தவளின் கையெழுத்தாக.

படித்துச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கு நாந்தானம்மா போடாதீங்கன்னேன்" என்றாள். அந்தப் பிடிபட்ட பீடிக்கான இலைக் காசையும் தூள் காசையும் ஒப்பந்தக்காரர் அவள் கூலியில்தான் கழித்தாராம். நாங்கள் வரியும் வசூலிக்கவில்லை, கம்பெனியையும் பிடிக்கவில்லை. அந்தச் சோதனையில் உண்மையில் அபராதம் கட்டியது அவள் ஒருத்திதான். "நீங்க பாத்ததை இப்ப ஒரு தாள்ல எழுதித் தருவீங்களாம்மா?" என்று கேட்டாள். விதியில் இடமில்லை என்றேன். "சரிம்மா" என்று எழுந்தாள். அவள் மகள் மட்டும் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவளே கேட்டுக்கொண்டதைத்தானே செய்தேன், என் மேல் என்ன தப்பு? இப்படிப் பல வருடம் எனக்கு நானே வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் எதிலிருந்து எதைத் தேர்ந்தெடுத்தாள்? என் படிவத்தில் வீட்டு உரிமையாளருக்கு இடம் இருந்தது, சாட்சிக்கு இருந்தது, குற்றம் செய்தவருக்கு இருந்தது. வேலை செய்தவளுக்கு இல்லை. குற்றவாளியாகப் பெயர் வருவதா, பெயரே வராமல் போவதா என்ற இரண்டில் அவள் இரண்டாவதைக் கேட்டாள். அதை அவளுடைய சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஒரு வழி உண்டு என்று சொல்லும் இடத்தில் இருந்தவள் நான். பேனா என் கையில்தான் இருந்தது. "இவர் இந்த லேபிளுக்குக் கூலிக்குப் பீடி சுற்றுபவர்" என்று ஒரு வரி எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

சட்டம் எங்களை விட முன்னால் போயிருந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. வீட்டில் சுற்றும் பெண்ணும் தொழிலாளிதான் என்றது அது. கம்பெனிகள் எதிர்த்தன. 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுபவளுக்கும் பிஎஃப் உண்டு என்று 1985இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதில் சொல்லப்பட்ட காரணத்தை என்னால் மறக்க முடிவதில்லை. சரியில்லை என்று பீடியைக் கழித்துப் போடும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது. அந்த உரிமையே அவள் கம்பெனியின் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறாள் என்பதற்கு அடையாளம். அவள் வயிற்றில் அடிக்கும் 'கழிவு'தான் அவள் தொழிலாளி என்பதற்கும் சான்று. நான் மகஜர் எழுதியபோது இந்தத் தீர்ப்புக்கு வயது ஆறு. வரிச் சட்டத்தில் வந்த திருத்தம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். இதை மட்டும் நான் படித்திருக்கவில்லை. என் வேலைக்குத் தேவையில்லை என்று நினைத்தேன்.

பிற்பாடு மணலியில் எண்ணெய் பக்கம் வேலை பார்த்தேன். பெட்ரோல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். அதனால் தொட்டியில் இருக்கும் லிட்டரை அப்படியே எழுத முடியாது. உயரத்தையும் வெப்பத்தையும் அடர்த்தியையும் அளந்து, 15 டிகிரி செல்சியஸில் அது எத்தனை லிட்டராக இருக்கும் என்று அட்டவணை பார்த்துக் கணக்கிட வேண்டும். அந்த அட்டவணைகளைப் புரட்டும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெயிலில் விரியும் பெட்ரோலைக்கூட விடாமல் கணக்கில் பிடிக்கத் தெரிந்த அரசு இது. அப்படியென்றால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் கணக்கில் வராமல் போவது திறமைக் குறைவால் அல்ல. அவளை எண்ணினால் கொடுக்க வேண்டியிருக்கும். பெட்ரோலை எண்ணினால் வாங்கலாம்.

வாங்கும் கணக்கில் அவள் எப்போதும் இருக்கிறாள். 2020 மே மாதம் பெட்ரோல் லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசும், டீசலுக்கு 31 ரூபாய் 83 காசும் மத்தியக் கலால் வரியாக இருந்தன. வண்டியே ஓட்டாதவளும் அதைக் கட்டுகிறாள், லாரியில் வரும் அரிசியில், பருப்பில், பஸ் டிக்கெட்டில். அங்கே யாரும் அவளிடம் 'தொழில் என்ன' என்று கேட்பதில்லை.

பீடிக்கு வரி ஏற்றலாம் என்ற பேச்சு வந்தால் போதும், லட்சக்கணக்கான ஏழைப் பெண்களின் வயிற்றுப் பிழைப்பு என்று முதலாளிகள் மனு எழுதுவார்கள். பிஎஃப், பேறுகாலப் பணம் என்று அதே பெண்கள் கேட்டால், அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பார்கள். புகையிலைக்கு வரி கூட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதன் தூசியை மூச்சில் இழுக்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன், புகைத்துச் செத்த ஆண்களின் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரியில் ஒரு பங்கு, சுற்றிய கைக்குத் திரும்ப வேண்டும். 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிக்கென்று தனி வரிச் சட்டம் வந்தது. மருத்துவமனை, பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை, வீட்டு உதவி எல்லாம் அதிலிருந்து வந்தன. 2017இல் ஜிஎஸ்டியோடு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். பீடிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அவளுக்கென்று தனியாக எடுத்துவைத்த பணம் போனது. அந்த வருடம்தான் எனக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். கை சுத்தமான அதிகாரி என்று மேடையிலும் சொன்னார்கள்.

லஞ்சம் வாங்காமல் இருப்பது கடினமில்லை. வேண்டாம் என்றால் போதும். விதியை மீறாமல் இருப்பதும் கடினமில்லை. இந்த இரண்டோடும் ஒருத்தியின் உழைப்பை இல்லாமல் ஆக்கிவிட முடியும், இரக்கத்தோடுகூட. நியாயம் என்பது, கண்ணால் பார்த்ததைப் படிவத்தில் இடமில்லை என்பதற்காக விட்டுவிடாமல் இருப்பது. இவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட விலையைக் கொடுத்தவள் நான் இல்லை.

1998க்குப் பிறகு வீடுகளில் நான் கேட்கும் கேள்வியை மாற்றினேன். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் "சும்மாதான்" என்றே பதில் வரும். "காலையில இருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். தண்ணி எடுத்தேன், சோறு பொங்கினேன், இலை வெட்டினேன், இருபது கட்டு சுத்தினேன் என்று வரும். அதை அப்படியே, சொன்னவளின் பெயரில் எழுதினேன். மாட்டிவிடாத விதத்தில் எழுத முடியும் என்பதும் எழுத எழுதத்தான் தெரிந்தது. இதெல்லாம் வழக்குக்குத் தேவையா மேடம் என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். தேவை என்றேன்.

அந்த அம்மாவுக்கு அது எதுவும் உதவவில்லை. அவள் கேட்ட ஒரு தாளை நான் தரவில்லை. விதியில் இடமில்லை என்றேனே, அந்த விதியை அன்றும் நான் எடுத்துப் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.