நிழல் தரவும் அனுமதி வேண்டுமா?

டெல்லியின் பெரோஸ் ஷா கோட்லாவில் சிதைந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் அசோகரின் கல்தூண் நிற்கிறது. இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்து நிறுத்திய தூண் அது. விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் நிழல் கிடைக்கச் சாலையோரங்களில் ஆலமரங்களை நடச் செய்ததாக அசோகர் அதில் பொறித்திருக்கிறார். பேரரசருக்கு எவரிடமும் விண்ணப்பம் கொடுக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

அதே நகரில் இன்று ஓர் இல்லறத்தார் தம் வீட்டு வாசலையொட்டிய நடைபாதையில் வேப்பங்கன்று ஒன்றை நட விரும்பினால், அந்தத் தெரு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மாநகராட்சியா, பொதுப்பணித் துறையா, டெல்லி வளர்ச்சி ஆணையமா? இதைத் தெரிந்துகொள்வதற்கே சில நாட்கள் அலைய நேரிடும். மரம் வைத்தவனுக்கு அம்மரம் மகனைப் போன்றது என்று மகாபாரதத்தின் அனுசாசன பர்வம் போற்றும் நாட்டில், நன்மை செய்யவும் அனுமதியா என்று அவர் மனம் சலிப்பது இயல்பே.

ஆயினும் அந்தச் சலிப்பில் மரத்தின் மீதுள்ள அன்பு எவ்வளவு, 'நான் செய்கிறேன்' என்ற எண்ணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. தானத்தைப் பற்றிப் பேசும் கீதையின் பதினேழாம் அத்தியாயம், தகுந்த இடம், தகுந்த காலம், தகுந்த பாத்திரம் ஆகிய மூன்றையும் சாத்விக தானத்திற்கு உரியனவாகச் சொல்கிறது. கொடுப்பவரின் நல்ல மனம் மட்டும் போதுமென்று அங்கே சொல்லப்படவில்லை.

நடைபாதையின் அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பிவடம் எல்லாம் செல்கின்றன. மேலே மின்கம்பி. குறுகிய பாதையில் கைத்தடியால் வழி தேடி வரும் பார்வையற்றவருக்கு நடுவே நிற்கும் மரம் இடையூறு. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மொஹர் பூத்தால் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் பலத்த காற்றில் அதன் கிளைகள் எளிதில் முறியும். அரசமரம் புனிதமானது. அதன் வேர் அடுத்த வீட்டுச் சுவரில் நுழையும்போது, அந்த வீட்டார் அதை வலம்வர மாட்டார்கள்! மரத்திற்கும் துன்பம் உண்டு. அடிமரம்வரை சிமெண்ட் பூசி மூச்சடைக்க வைத்ததால்தான், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குத் தளத்தை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது.

இன்னொன்றும் உண்டு. டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994-இன்படி, வளர்ந்த மரத்தை மர அலுவலரின் அனுமதியின்றி வெட்ட இயலாது. ஆகவே இன்று ஒருவர் ஊன்றும் கன்று, இனி அந்தத் தெருவில் குடிவரப் போகிறவர்களையும் பல்லாண்டுகள் கட்டுப்படுத்தும். அவர்களை அழைத்துச் சம்மதம் கேட்க வழியில்லை. அவர்கள் சார்பில் யாரேனும் ஒருவர் கேள்வி கேட்டாக வேண்டும். அனுமதி என்பதன் நியாயம் இதுவே.

இந்த நியாயம் அலுவலரையும் கட்டுகிறது. டெல்லியில் பருவமழை பெரும்பாலும் ஜூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் விடைபெறுகிறது. மே மாதம் கொடுத்த விண்ணப்பத்திற்கு நவம்பரில் இசைவு தருபவர், காலம் தவறிய தானத்தையே செய்கிறார். குழாய் செல்லும் இடம் என்று காரணம் காட்டி மறுப்பவர்மீது குறையில்லை. ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் தாளை மேசையில் உறங்கவிடுபவர் செய்வது சிறிய தவறன்று. அவருடைய மௌனத்தில் ஒரு மழைக்காலமே வீணாகிறது.

பொறுமையிழந்து இரவோடிரவாக நட்டுவிடுபவர்களும் உண்டு. மரத்தை வெட்டும் பாவத்தோடு இதை ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தண்டு 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமும் எட்டினால்தான் அது 'மரம்'. அதுவரை அது நாதியற்ற செடி. கம்பிவடம் புதைக்கப் பள்ளம் தோண்டுபவர் அதைப் பிடுங்கி எறிந்தால், இசைவுக் கடிதம் உள்ளவர் கேள்வி கேட்கலாம்; மற்றவர் என்ன சொல்வார்?

கன்று வேர்பிடிக்கக் குறைந்தது இரண்டு கோடைகள் நீர் வேண்டும். நட்டவர் ஊருக்குப் போயிருக்கும் மே மாதத்தில் எதிர்வீட்டார் ஒரு வாளி ஊற்றுவார்களா என்பது, குழி தோண்டும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டாரா என்பதைப் பொறுத்தது.