பசித்த பிள்ளையின் குற்றம்

வகுப்பில் கொட்டாவி விடுகிறான்; சொன்னதைச் செய்ய மறுக்கிறான்; அருகில் இருப்பவனைக் கிள்ளுகிறான்; கணக்குப் போடச் சொன்னால் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்கிறான். இத்தகைய ஒன்பது வயதுச் சிறுவனைக் குறிக்க நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் மூன்று சொற்கள் வழங்குகின்றன: சோம்பேறி, அடங்காதவன், திமிர் பிடித்தவன். மூன்றும் ஒருவனது மனத்தைத் தீர்ப்பிடும் சொற்கள். தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். புதுநன்மைக்கு ஆயத்தமாகும்போது, கீழ்ப்படியாமையையும் சோம்பலையும் தங்களிடம் தேடிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். கற்பிப்பது தவறன்று. ஆயினும், அச்சிறுவனிடம் நாம் காண்பது உண்மையில் சோம்பல்தானா என்ற வினாவை யாரும் எழுப்புவதில்லை.

பள்ளிப் பருவத்தில் ஒரு பிள்ளை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. உயர்கிறது, 2 அல்லது 3 கிலோ எடை கூடுகிறது. ஆறு வயதிலேயே மூளை பருமனில் பெரியவர்களின் மூளையை நெருங்கிவிடுகிறது. ஆனால் ஆசையை அடக்கவும் பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் துணைசெய்யும் முன்மூளைப் பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதையும் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையில் ஈடுபட்டிருக்கும் உடலுக்கு உணவும் உறக்கமும் குறைந்தால், அக்குறை முதலில் நடத்தையில்தான் தலைகாட்டும். 2016-18 ஆண்டுகளில் நாடு முழுவதும் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுவரை உள்ளவர்களில் 24 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளில் அது 40 விழுக்காடு. இரும்புச் சத்துக் குறைவு முகத்தை வெளிறச் செய்வதோடு நிற்பதில்லை. கவனம் சிதறும், எரிச்சல் மிகும், எதிலும் மனம் செல்லாது. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் பாதத்தின் வழியே நுழையும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அந்தப் பிள்ளையை நாம் மந்தபுத்தி என்கிறோம்.

கண்ணும் காதும் இன்னும் எளிதாக நம்மை ஏமாற்றும். கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் உலகம் இப்படி மங்கலாகவே இருக்கிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. காதில் சீழ் வடியும் சிறுமி, கூப்பிட்டால் திரும்பாதவள் என்று பெயரெடுக்கிறாள். நான் அறிந்த ஒரு தலைமையாசிரியை, பெற்றோரை வரவழைத்துப் புகார் சொல்வதற்குமுன் அப்பிள்ளையை வாசலருகே நிறுத்தி, சுவரிலுள்ள நாட்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்வார். பிறகு பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைப்பார். கடைசியாக, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். மருத்துவம் படித்தவரல்லர் அவர். ஆனால் அம்மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமல் எந்தப் பிள்ளைமீதும் அவர் தீர்ப்புச் சொன்னதில்லை.

இது ஏதோ இக்கால உளவியல் கொண்டுவந்த தளர்ச்சி என்று நினைப்போர் உண்டு. அவர்களுக்கு நம் மரபையே சுட்டிக்காட்டலாம். ஆன்மா உடலின் வடிவம், அதாவது உடலுக்குள் குடியிருக்கும் விருந்தாளி அன்று, உடலோடு சேர்ந்தே மனிதன் என்பதை 1312-இல் வியன் பொதுச்சங்கம் வரையறுத்தது. அக்குவினா தோமையார் அதற்கு முன்பே விந்தையான ஒரு வினாவை எழுப்பியிருந்தார்: முதற்பெற்றோர் பாவமே செய்யாதிருந்தால், அவர்களுடைய குழந்தைகள் பிறந்த உடனேயே நிறைவான பகுத்தறிவோடு இருந்திருப்பார்களா? இல்லை என்பதே அவர் விடை. குழந்தையின் மூளையில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் பகுத்தறிவு தடைபடுகிறது என்று அவர் காரணம் கூறினார். அந்தக் கால மருத்துவத்தைக் கண்டு நாம் புன்னகை செய்யலாம். ஆனால் அவர் கண்ட உண்மையைக் கவனியுங்கள். பிள்ளையின் முதிராமை பாவத்தின் விளைவன்று. பாவமற்ற தோட்டத்திலும் அது இருந்திருக்கும். (துயரத்தைத் தணிக்கும் வழிகளுள் உறக்கத்தையும் குளியலையும் சேர்த்து எழுதியவரும் இதே தோமையார்தான்.)

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் தொடக்கப் பகுதியில் தம் பள்ளி நாள்களை நினைவுகூர்கிறார். பள்ளியில் அடிபடக்கூடாது என்று சிறுவனாக அவர் இறைவனிடம் மன்றாடினார். பெரியவர்கள், பெற்றோர் உட்பட, அதைக் கண்டு நகைத்தார்கள். ஆயரான பின்னும் அந்த நகைப்பு அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. விளையாடியதற்காகச் சிறுவர்களை அடித்த பெரியவர்களும் தங்கள் விளையாட்டுகளை விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள், அவற்றுக்குத் தொழில் என்று பெயர் சூட்டியிருந்தார்கள் என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அடித்தவர்களின் அநீதியையும் தம் கீழ்ப்படியாமையையும் ஒருசேர அவர் ஏற்கிறார். நமக்குக் கடினமாக இருப்பது இதுதான். ஒன்று பிள்ளையை முழுக் குற்றவாளி ஆக்குகிறோம். அல்லது உடலின்மீது எல்லாவற்றையும் சுமத்தி, அவனை மனச்சான்றே இல்லாத ஓர் இயந்திரம் ஆக்கிவிடுகிறோம்.

இரண்டாவது ஆபத்தும் சிறியதன்று. காலை உணவின்றி வந்த சிறுமி ஒருத்தி, கையில் கிடைத்த ஒரே இட்லியைப் பிட்டுத் தம்பிக்குப் பாதியைக் கொடுப்பதை நம்முள் பலர் பார்த்திருப்போம். பசி அவளைத் திருடத் தூண்டவில்லை. பங்கிடவிடாமல் தடுக்கவும் இல்லை. பசித்தவனின் குற்றத்தைக் குறைத்து எண்ணினால், பசித்தவளின் நற்செயலையும் குறைத்து எண்ண வேண்டாமா என்று தருக்க முறையில் ஒருவர் கேட்கலாம். வேண்டாம் என்பதே என் விடை. காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர், ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளை அவளது இல்லாமையைக் கொண்டே அளந்தார். இல்லாமை கொடையைப் பெரிதாக்குகிறது. அதே இல்லாமை குற்றத்தைச் சிறிதாக்குகிறது. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே. அங்கே மனித மனம் எவ்வளவு சுமையோடு செயல்பட்டது என்பதே கேள்வி. சுமையை அறியாமல் அளக்கிறவன் இரு பக்கமும் தவறாகவே அளப்பான்.

ஆகவே பிள்ளையின் உடலை முதலில் விசாரிப்பது இரக்கத்தின் பாற்பட்டது என்று நான் சொல்லவில்லை. நீதியின் பாற்பட்டது என்கிறேன். திருச்சபைச் சட்டம் 7 வயது நிறைந்தவரைப் பகுத்தறிவைப் பயன்படுத்த வல்லவர் எனக் கருதுகிறது. ஆனால் 16 வயது நிறையாதவர்மீது திருச்சபைத் தண்டனை எதையும் விதிப்பதில்லை. இத்தகைய தாயின் பெயரால் நடக்கும் பள்ளிகளில் பிரம்புக்கு என்ன வேலை? தமிழ்நாட்டின் கல்வி விதிகளிலிருந்து உடல் தண்டனை 2003-இலேயே நீக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நிருவாக உரிமை பற்றிய அத்தீர்ப்பை, பிரம்புக்குக் கிடைத்த விலக்கு என்று நம்மவர் எவரேனும் எண்ணினால் அது நமக்கு வெட்கக்கேடு.

அரசு இதில் நம்மை முந்திக்கொண்டது என்று சொல்லத்தான் வேண்டும். காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் சத்துணவாக விரிந்தது. ஆயினும் காலைப் பசி தொடப்படாமலே இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் தொடங்கி, ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பெற்றது. முதல் மணி அடிக்கும்போது ஒரு பிள்ளையின் வயிற்றில் உப்புமா இருந்தால் அறநெறிப் பாடம் சற்று எளிதாகிறது.

வசதி படைத்த வீடுகளில் குறை வேறு வகை. அங்கே களவு போவது உறக்கம். 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்கின்றனர் மருத்துவர். இரவு பத்துவரை தனிவகுப்பும் வீட்டுப்பாடமும், அதன்பின் கைப்பேசியும், காலை ஆறரைக்கு வாசலில் பள்ளி வேனும் என்றிருந்தால் அந்த ஒன்பது மணி எங்கிருந்து வரும்? எரிந்து விழும் மகனைக் குருவானவரிடம் அழைத்து வந்து அறிவுரை சொல்லச் சொல்கிற பெற்றோரிடம், சாமி, இவனுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களிடம், முதலில் அவன் படுக்கும் நேரத்தைக் கேட்பது என் வழக்கம். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும்.

சூரைச் செடியின் அடியில், வாழ்வை வெறுத்துப் படுத்திருந்த எலியாவை ஆண்டவர் கையாண்ட முறையை மறையுரைகளில் நாம் போதிய அளவு விளக்குவதில்லை. உறங்கவிட்டார், தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உணவளித்தார். இங்கே உனக்கு என்ன வேலை என்ற வினா, அவர் ஓரேபு மலையை அடைந்த பின்பே வந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியை உயிர்ப்பித்த இயேசுவும், வியந்து நின்ற பெற்றோரிடம் அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார்.

எங்கள் பங்கில் ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு. விடியற்காலையில் எழுந்து தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளும் உண்டு. இவ்வாண்டு முதல் வகுப்புக்கு முன் அனைவருக்கும் சுண்டலும் பாலும் கொடுக்க அன்பியங்கள் முறைவைத்துக்கொண்டுள்ளன. இதனால் பாட நேரத்தில் இருபது நிமிடம் போய்விடுகிறது, மன்றாட்டுகளை முடிக்க முடியவில்லை என்று ஆசிரியை ஒருவர் குறைபட்டுக்கொண்டார். அவர் கணக்கு சரிதான். இருபது நிமிடம் போகிறது.