சீட்டுக் கேட்பாரில்லாத ரயில்



மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லும் நம் பிள்ளைகள், பெர்லின் நகரின் நிலத்தடி ரயில் நிலையத்தில் முதன்முறை இறங்கும்போது திகைத்துப் போவதுண்டு. அங்கே தடுப்புக் கதவில்லை. வாசலில் சீட்டுக் கேட்பாரும் இல்லை. சீட்டு வாங்கி, நடைமேடையிலுள்ள சிறு பெட்டியில் முத்திரை குத்திக்கொண்டு ஏறுவது அவரவர் பொறுப்பு. என்றாவது ஒருநாள், சாதாரண உடையில் வரும் பரிசோதகர் சீட்டைக் கேட்பார். இல்லாதவருக்கு 60 யூரோ அபராதம்.

இங்கேதான் ஒரு கணக்குப் பிறக்கிறது. 2025-இல் அந்நகருக்குள் ஒருமுறை செல்லும் சீட்டு 3 யூரோ 80 சென்ட். பதினாறு முறை சீட்டின்றிப் போய் ஒருமுறை மட்டும் பிடிபட்டால், அப்போதும் 80 சென்ட் லாபம்! "எனக்காகவா ரயில் ஓடுகிறது? பிடித்தால் அபராதம் கட்டிவிடுகிறேன். இதில் பாவம் எங்கே?" என்று கேட்கும் மாணவரும் உண்டு.

இதை விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்பெயின் தேசத்துச் சேசு சபைக் குருவாகிய சுவாரெஸ் (1548–1617) முதலான வேதசாஸ்திரிகள், அரசின் சட்டங்களில் சில தண்டனைக்கு மட்டுமே நம்மைக் கட்டுப்படுத்துவன என்றும், மீறினவன் அபராதம் செலுத்தச் சித்தமாயிருந்தால் அவன் மனச்சாட்சியில் குற்றமில்லை என்றும் போதித்தார்கள். ஆனால் ரயில் சீட்டு அவ்வகைச் சட்டமன்று. அது கூலி. ஓடக்காரன் எப்படியும் அக்கரைக்குப் போகிறவன்தான். அதற்காக அவன் கூலியை நாம் மடியில் முடிந்துகொள்ளலாமா? ஆகவே இது ஏழாம் கற்பனையைச் சேர்ந்த காரியம். அற்ப பாவமே என்றாலும் பாவமே.

அபராதம் வேறு, பாவம் வேறு. சீட்டு வாங்கியும் முத்திரை குத்த மறந்தவர் 60 யூரோ கட்டுகிறார். அவர் மேல் பாவமில்லை. வேண்டுமென்றே சீட்டின்றிப் போய்ப் பிடிபட்டவர் கட்டும் 60 யூரோவோ அந்த ஒரு பயணத்துக்குத்தான் சரி. பிடிபடாத பதினைந்து பயணங்களின் கடன் அப்படியே நிற்கிறது.

ஏழைகளின் நிலைமை வேறு. அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 265அ பிரிவு இக்குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடங்கொடுக்கிறது. நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்ட வழியில்லாத எளியோர் அதற்கு ஈடாகச் சிறை போகிறார்கள். அது மிகக் கொடுமை என்றே நான் சொல்வேன். ஆனால் கைச்செலவுக்கு வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளை அந்த ஏழையின் நியாயத்தை இரவல் வாங்கிக்கொள்ளக் கூடாது. பல சர்வகலாசாலைகளில் கல்விக் கட்டணத்தோடு பயணச் சீட்டும் சேர்ந்தே வருகிறது. சில வாரங்களுக்கு மட்டும் செல்லும் மாணவருக்கும் வழியுண்டு: நாடெங்கும் உள்ளூர் ரயில், பஸ், டிராம்களில் செல்லத்தக்க மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது; 2025-இல் 58 ஆயிற்று. அதிவேக ரயில் முதலான தொலைதூர ரயில்களுக்கு அது செல்லாது.

முன்பே அப்படிப் போய்விட்டவர் என்ன செய்வது? பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். சக்கேயு நாலத்தனையாகத் தருவதாகச் சேசுநாதரிடம் சொன்னான். நம்மிடம் அவ்வளவு கேட்பாரில்லை. எடுத்த அளவு போதும். யாரிடமும் போய்த் தன்னைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. பத்துப் பயணம் கடனென்றால் பத்துச் சீட்டு வாங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம். ஒரேயடியாக முடியாதவர் வாரம் ஒன்றாக வாங்கட்டும்.